மைக்கைப் பிடுங்கியவன்

நாட்டுக்கு அவர் தலைவர். எனக்கு அவன் தொண்டை. மில் கேட்டில் முதல் தடவை வாயைத் திறந்த அன்றைக்கே நூற்புப் பிரிவு ஆள் ஒருத்தன் வைத்த பெயர் அது. ஆள் குச்சி மாதிரி இருப்பான். சட்டைக்குள் உடம்பு எங்கே என்று தேட வேண்டும். வாயைத் திறந்தால் மட்டும் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அப்படிப்பட்டவனுக்கு மைக் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

என் தங்கை போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை இதில் ஒரு வரிகூட நான் வெளியே விட்டதில்லை. இப்போது சொன்னால் அவள் மகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

என்னிடம் ஒரு மைக் செட் இருந்தது. ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், நூறு கஜம் வயர், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு தள்ளுவண்டி. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவேன். எவன் பேச்சும் என் காதில் ஏறாது. சத்தம் கரகரவென்று வருகிறதா, விசில் அடிக்கிறதா, அதுதான் என் கவலை. ஊரில் எனக்கு ‘வயர்’ என்று பெயர்.

அவன் கூட்டத்துக்கு மைக் கட்டிய இரண்டாவது தடவை ஒரு தவறு நடந்தது. பேசிக்கொண்டே இருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தான். அந்த நேரம் பார்த்து என் முழங்கால் பட்டு ஆம்ப்ளிபயரின் ப்ளக் கழன்றுவிட்டது. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தான், சத்தம் இல்லை. கூட்டத்தில் எவனோ, “மைக்கைப் புடுங்கிட்டானுங்கடா!” என்று கத்தினான். கரண்டுக்கு இழுத்த என் வயர் எதிரே இருந்த முடிதிருத்தும் கடையிலிருந்து போலீஸ் வண்டியை ஒட்டி வந்தது. அதனால் எல்லாரும் போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை ஒரு நொடி யோசித்தான். மேஜைமேல் ஏறினான். வெறும் தொண்டையில் பேச ஆரம்பித்தான். அன்றைக்குக் கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

நான் பயந்துகொண்டே வயரைச் சுருட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தோளில் கை போட்டான்.

“என்ன வயரு, கால் பட்டுச்சா?”

“ஆமாண்ணே. தெரியாம பட்டுடுச்சு.”

“அடுத்த கூட்டத்துல தெரிஞ்சே படட்டும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நான் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். ஆம்ப்ளிபயர்மேல் எப்போதும் ஒரு தார்ப்பாய் போட்டிருப்பேன், வெயிலுக்கும் தூசிக்கும். நானும் அதற்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கை என்ன செய்கிறது என்று எவனுக்கும் தெரியாது. எல்லாக் கூட்டத்திலும் செய்வதில்லை. நாலுக்கு ஒன்று. எதில் என்று முன்னால் சொல்லவும் மாட்டான். கண்ணாடியைக் கழற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்த வித்தை மூன்று பேருக்குத் தெரியும். அவனுக்கு, எனக்கு, என் தங்கை புருஷனுக்கு. மச்சான் அதே மில்லில் பாய்லர் பார்ப்பவர். சத்தம் நின்ற உடனே கூட்டத்தின் நடுவிலிருந்து முதல் குரல் கொடுப்பது அவர் வேலை. ‘மைக்கைப் புடுங்கிட்டானுங்கடா’ என்று கத்திக்கொண்டு நாலடி முன்னால் ஓடி வருவார். அவர் வந்தால் பின்னால் நாற்பது பேர் வருவார்கள். என் தங்கையிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஊருக்குச் சொன்னது மாதிரி என்று மச்சான் சிரிப்பார்.

மில்லில் வேலைநிறுத்தம், நாற்பத்தோராவது நாள். மேடையை அன்றைக்குக் கேட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே போலீஸ் வரிசை. வழக்கமாக அவர்கள் ஓரத்தில்தான் நிற்பார்கள். இதை நான் பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

மேடைக்குப் பின்னால் போலீஸ் அதிகாரி தொண்டையைக் கூப்பிட்டுப் பேசியது தார்ப்பாய்க்குள் இருந்த எனக்குக் கேட்டது.

“பத்து நிமிஷம் தர்றேன். நீங்களே பேசி அனுப்பிடுங்க. பேச்சுவார்த்தைக்கு முதலாளி ஒத்துக்கிட்டாச்சு. அப்புறமும் நின்னா நான் பொறுப்பில்ல.”

“சொல்றேன்” என்றான் தொண்டை.

மேலே ஏறினான். “தோழர்களே, இப்போ நான் சொல்லப் போறதை யாரும் கோபப்படாம கேக்கணும்” என்றான். நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். கைக்குட்டையை எடுத்தான்.

நான் பிடுங்கினேன்.

மச்சான் குரல் கேட்டது. அவர் குரலை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். அப்புறம் காலடிச் சத்தம். வழக்கம்போல முன்னால் ஓடி வந்தார்கள், ஆனால் முன்னால் போலீஸ் நின்றது. தொண்டை என்ன கத்தினான் என்று எனக்குத் தெரியாது. போங்க என்றான் என்கிறார்கள், வாங்க என்றான் என்கிறார்கள். மூன்று தெரு கேட்கிற தொண்டை அன்றைக்கு மூன்றடி தள்ளிக் கேட்கவில்லை. ப்ளக்கைத் திரும்பச் சொருகலாம் என்பதே எனக்கு முதலில் தோன்றவில்லை. தோன்றியபோது துளை அகப்படவில்லை. அதற்குள் சுட்டு முடித்துவிட்டார்கள்.

ஏழு பேர். மச்சான் முதல் ஆள், முன்னால் ஓடியவர் அவர்தானே.

அன்றைக்கு மழை தூறியதா இல்லையா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தூறல் கண்ணாடியில் விழுந்து அவன் சும்மா துடைத்திருந்தால், ஏழு பேரைக் கொன்றது என் கை. தூறல் இல்லை, சைகைதான் என்றால், கலைந்து போகச் சொன்ன கெட்ட பெயர் தனக்கு வேண்டாம் என்று அவன் செய்த வேலை. நான் தார்ப்பாய்க்குள் இருந்தேன். என்மேல் ஒரு சொட்டும் விழ வழியில்லை. பிறகு பலரைக் கேட்டேன். சாகக் கிடந்தவனைப் பற்றி எல்லாம் சொன்னார்கள், வானத்தை எவனும் பார்த்திருக்கவில்லை. பாதிப் பேர் தூறல் என்றார்கள், பாதிப் பேர் வெயில் என்றார்கள்.

அவனிடமே கேட்டிருக்கலாம். அவன் எட்டு மாதம் ஜெயிலில் இருந்தான். வெளியே வரும்போது சுவருக்குச் சுவர் அவன் முகம். முதல் கூட்டத்துக்கு நான்தான் மைக் கட்டினேன். “என் மைக்கைப் பிடுங்கினார்கள். என் குரலைப் பிடுங்க முடிந்ததா?” என்றான். ஐம்பதாயிரம் பேர் இல்லை என்று கத்தினார்கள். அவன் ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். நான் ஆம்ப்ளிபயரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவன் கூட்டத்துக்குப் பெரிய கம்பெனி மைக் வந்துவிட்டது, என்னைக் கூப்பிடவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவன் தேர்தலில் நின்றான், ஜெயித்தான். தொழிலாளர் மந்திரி ஆனான். கட்சியை உடைத்தான், ஒட்டினான், மறுபடி உடைத்தான். இரண்டு தடவை நாட்டுக்கே முதல் ஆளாக உட்கார்ந்தான். எலும்பாக இருந்தவனுக்குத் தொப்பை வந்தது, கண்ணாடிக்குத் தங்கச் சட்டம் வந்தது. தொழிற்சாலைக் கேட்டுக்கு இருநூறு மீட்டருக்குள் ஒலிபெருக்கி கூடாது என்று உத்தரவு போட்டவனும் அவன்தான். இரண்டாவது தடவை ஆட்சியில் இருந்தபோது வேறொரு ஊரில், வேறொரு கேட்டில் நாலு பேரைச் சுட்டார்கள். வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னான். நல்ல தெளிவான சத்தம், ஒரு கரகரப்பு இல்லை.

நாற்பத்தாறு வருடம் போயிற்று. நானும் தங்கையும் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அவள் மகளுக்குத் தியாகி மகள் என்று அரசாங்க வேலை கிடைத்து, வேறு ஊரில் இருந்தாள். ஒரு நாள் காலை ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் அளவு நாடா. தலைவருக்கு நினைவகம் கட்டுகிறார்களாம், அவர் உயிரோடு இருக்கும்போதே. இவர் அதற்குப் பொறுப்பாளர்.

“ஐயா, அந்த ஆம்ப்ளிபயர் இன்னும் இருக்குதுன்னு கேள்விப்பட்டோம்.”

“இருக்கு. கட்டிலுக்கு அடியில.”

குனிந்து இழுத்து அளந்தார். நீளம், அகலம், உயரம். கண்ணாடிப் பெட்டி செய்யவாம். அப்புறம் பையிலிருந்து தட்டச்சு செய்த தாள் ஒன்றை எடுத்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மெதுவாகத்தான் வரும் எனக்கு. ‘காவல்துறையினர் என் கண் முன்பாக மின்கம்பியைத் துண்டித்தனர்’ என்று இருந்தது. கீழே கோடு போட்டு என் பெயர்.

“இதை யாரு சொன்னது?”

“எல்லா புத்தகத்துலயும் இருக்குங்களே. நேர்ல பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்க கையெழுத்துப் போட்டா ஆவணம் முழுசாயிடும்.”

“உங்க தலைவரை நான் பார்க்கணும். பார்த்துட்டு வந்து போடறேன்.”

“அவருக்கு உடம்பு...”

“எனக்கு மட்டும் என்ன, பயில்வான் உடம்பா?”

உள்ளேயிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். “அண்ணே, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட என்ன பேச்சு இது? நீங்க உக்காருங்கம்மா. இவர் இப்படித்தான், போஸ்ட்மேன்கூட வாசல்ல வச்சுட்டு ஓடிடுவான்.”

மூன்று நாளில் கார் வந்தது. பெரிய பங்களா. கேட்டில் என் பாக்கெட், செருப்பு, பல்செட் எல்லாம் சோதித்தார்கள். உள்ளே கூடத்தில் ஒரு சக்கர நாற்காலியில் அவன் இருந்தான். மறுபடி குச்சியாகிவிட்டான். பக்கத்தில் ஒரு நர்ஸ், கொஞ்சம் தள்ளி அந்த அளவு நாடா அம்மா.

“வயரு!” என்றான். அடையாளம் தெரிந்துவிட்டது. “கிழவனாயிட்டியே!”

“நீ என்ன, கல்யாண மாப்பிள்ளையா?”

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சிரித்தான். நான் கிட்டே போய்த் தணிந்த குரலில், “உன்கிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்” என்றேன்.

“என்ன?”

“தனியா.”

“சத்தமாப் பேசுங்க ஐயா. ஐயாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது” என்றார் நர்ஸ். “மெஷின் வச்சிருக்கோம், அப்பவும் கத்தணும்.”

நாற்பத்தாறு வருடமாக ஒரு ஈ காக்கைக்குச் சொல்லாததை நான் கூடம் அதிரக் கத்திக் கேட்க வேண்டியதாயிற்று.

“அன்னிக்கு கேட்டுல, சுட்ட அன்னிக்கு, நீ எதுக்குக் கண்ணாடியைக் கழட்டினே? தூறலா, சைகையா?”

அளவு நாடா அம்மா தலை நிமிர்ந்தார். நர்ஸ் மருந்து டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லையோ என்று நான் மறுபடி கத்தப் போனேன். கையை உயர்த்தித் தடுத்தான்.

“வயரு, எழுபது வருஷமாக் கண்ணாடி தொடைக்கறேன். நீ எந்தத் தடவையைக் கேக்கறே?”

“எந்தத் தடவைன்னு உனக்குத் தெரியும்.”

“போலீஸ்காரன்தானே புடுங்கினான்?”

“நான் புடுங்கினேன். நீ கழட்டினே, நான் புடுங்கினேன். என் மச்சான் கத்தினாரு.”

நடிக்கிறானா என்று முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பார்த்த முகம். ஒன்றும் பிடிபடவில்லை. அவன் மறந்திருக்கலாம். ஒரு பொய்யைப் பத்தாயிரம் மேடையில் சொன்னவனுக்கு நிஜம் எங்கே போய் ஒதுங்கியிருக்கும்?

“உனக்கு என்ன பதில் வேணும், சொல்லு” என்றான். குரலில் எரிச்சல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டான். “தூறல்னு சொன்னா மனசு ஆறுமா, சைகைன்னு சொன்னா ஆறுமா? எது வேணுமோ அதையே சொல்றேன். இந்த அம்மா எழுதிக்குவாங்க, நான் கையெழுத்தும் போடறேன்.”

இத்தனை வருடம் நாட்டுக்கு அவன் என்ன கொடுத்தானோ அதையே எனக்கும் கொடுக்க வந்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். அளவு நாடா அம்மா கார் வரைக்கும் கூட வந்தார். “ஐயா, உள்ள பேசினது எதுவும் என் காதுல விழல” என்றார். தாளை மறுபடி என் கையில் கொடுத்தார். கெட்டிக்காரி.

வீட்டில் தங்கை துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்குக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்த துணி. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் பட்டதிலிருந்து இன்றைக்குப் பங்களாவில் கத்தியது வரை. அவள் இஸ்திரிப் பெட்டியை மட்டும் நிமிர்த்தி வைத்தாள்.

“அவருக்கு இந்த வித்தை தெரியுமா?” என்றாள்.

அவர் என்றால் மச்சான். தொண்டையைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

“தெரியும்மா. முதல் குரல் அவருதுதான்.”

“மைக்கை எவனும் புடுங்கலன்னு தெரிஞ்சேதான் கத்தினாரா?”

“தெரிஞ்சேதான்.”

“பின்னால ஓடி வந்தவங்களுக்கு?”

“அவங்களுக்குத் தெரியாது.”

சுவரைப் பார்த்துக்கொண்டு விரல் மடக்கினாள். ஆறு விரல். அந்த ஆறு வீட்டையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் போவாள், வருவாள், பேரன் பேத்தி பெயரெல்லாம் சொல்லுவாள். அவர்களும் இவளைத்தான் மேடையில் முதலில் உட்கார வைப்பார்கள்.

“இதை என்கிட்ட எதுக்குண்ணே சொன்னே?”

“நாற்பத்தாறு வருஷமா நெஞ்சுல கல்லாக் கெடந்துச்சு.”

“இறக்கி வைக்க என் தலைதான் கெடச்சுதா?” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “போலீஸ் சுட்டுச் செத்தாருன்னு நான் ஒரு புள்ளைய வளர்த்தேன். ஆறு பேரைக் கூட்டிட்டுப் போய்க் கொடுத்தாருன்னு இனிமே வளர்க்க முடியுமா? யாருக்கெல்லாம் சொன்னே?”

“அவன்கிட்ட கேட்டேன். நர்ஸும் அந்த அம்மாவும் இருந்தாங்க. அந்த அம்மா காதுல விழலன்னுட்டாங்க.”

“நல்ல பொம்பளை. அந்தத் தாள் எங்கே?”

எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். மேஜைமேல் விரித்து, மகள் விட்டுப்போன பேனாவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“போடு.”

“பொய்ம்மா அது.”

“உன் உண்மைக்கு எத்தனை பேர் செத்தாங்க, சொல்லு. போடுண்ணே.”

போட்டேன். என் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கும், ஒவ்வொரு எழுத்தாக. அவள் நின்று முடியும்வரை பார்த்தாள். பேனாவை மூடினாள். பிறகு இஸ்திரியை மறுபடி சூடு வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். என் ஆம்ப்ளிபயர் கண்ணாடிக்குள் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டிருந்தார்கள். தொண்டையைச் சக்கர நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள். அவன் பேசவில்லை, பழைய பேச்சை ஒலிபரப்பினார்கள்.

தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் எந்த மேடையிலும் நாலு வாக்கியம்தான் பேசுவாள். என் புருஷனுக்கு முப்பத்தோரு வயசு. காலையில சாப்பிடாமப் போனாரு. பேசறதைக் கேக்கத்தான் போனாரு. பேச விடல. அவ்வளவுதான், இறங்கி வந்துவிடுவாள். அன்றைக்கு நாலாவதைச் சொல்லிவிட்டும் மைக்கை விடவில்லை.

“இதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது இல்லீங்க. மைக்கைப் போலீஸ் புடுங்கினதைப் பக்கத்துல இருந்து பார்த்தவர் என் அண்ணன். அதோ உக்காந்திருக்காரு. எழுந்திருண்ணே, எல்லாரும் பாக்கட்டும்.”

கூட்டம் கை தட்டியது. ஆறு வீட்டு ஆட்களும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். மேடையில் தொண்டையும் தட்டினான், அவனுக்கு என்ன கேட்டதோ. தங்கை மட்டும் தட்டவில்லை. நான் எழுந்து நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன்.